மனம் இறங்கும் நாளில் ஆள் வேண்டும்

யாழ்ப்பாணத்தில் போரிலும் சுனாமியிலும் உயிர்தப்பியவர்கள் அடிக்கடி கேட்க நேரும் கேள்வி ஒன்று உண்டு: "இன்னும் அதையே யோசிச்சுக்கொண்டிருக்கிறியோ?" கேட்பவர் பெரும்பாலும் கூடப்பிறந்தவராகவோ அயலவராகவோ இருப்பார். அக்கறையில்தான் கேட்கிறார். ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. துக்கம் என்றால் அது மாதம் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே வரவேண்டும். நேற்றுச் சிரித்துக் கதைத்தவர் இன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் அவர் பின்னுக்குப் போய்விட்டார். இத்தனை வருடம் கழித்தும் அழுகிறவருக்கு ஏதோ குறை இருக்கிறது. சுனாமி வந்தது 2004இல், போர் முடிந்தது 2009இல். அன்று தொட்டு வீட்டிலும் அரச அலுவலகத்திலும் தொண்டு நிறுவனங்களின் திட்ட அறிக்கையிலும் இதே கணக்குத்தான் போடப்படுகிறது. இந்தக் கணக்கு பிழை. தப்பிப் பிழைத்தவரின் மனம் ஏறியும் இறங்கியும்தான் வாழப் பழகுகிறது. அந்த இறக்கத்தைத் தோல்வி என்று நாம் எடுத்துக்கொள்வதால்தான், உதவி தேவைப்படும் நாளில் அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை, துப்பாக்கிகள் ஓய்ந்து சில வாரங்களிலேயே, யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 குடும்பங்களைத் தெரிவுசெய்து ஓர் ஆய்வு நடந்தது. இடம்பெயர்ந்தோர் முகாம்கள் இரண்டும் அதில் அடக்கம். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2011இல் வெளியான அதன் முடிவின்படி, மனவடு நோயின் அறிகுறிகள் காணப்பட்டவர்கள் 7 வீதம். மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதமானோரிடமும், பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதமானோரிடமும் இருந்தன. முகாமில் இருந்தவர்களிடம் மூன்றுமே கூடுதலாகக் காணப்பட்டன. போரைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் நினைப்பது கெட்ட கனவுகளையும் வெடிச்சத்தத்துக்குத் திடுக்கிடுவதையும்தான். ஆய்வில் அது சிறிய பங்கு. மூன்றில் ஒருவரைப் பிடித்திருந்தது பதகளிப்பு. நெஞ்சு பதறுது, நித்திரை இல்லை, ஒரே யோசினை என்று கிளினிக்கில் சொல்லப்படும் வருத்தம் அது. கண்ட கொடுமையை மட்டும் நினைத்து வருவதல்ல இது. காணியும் கடனும், பிள்ளையின் படிப்பும், காவலரணில் நாளைக்கு என்ன கேட்பார்களோ என்பதும் சேர்ந்து வருவது. போருக்குப் பிந்திய உளநலத்தில் அன்றாட நெருக்கடிகளின் பங்கை நாம் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று ஆய்வாளர்கள் கெனத் மில்லரும் அன்ட்ரூ ரஸ்முசனும் 2010இல் எழுதினார்கள். யாழ்ப்பாண எண்கள் அந்தக் கருத்துக்குப் பொருந்தியே வருகின்றன.

இன்னொரு சான்று இதைவிடக் கனமானது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் உக்கிரமாக நடந்த காலங்களில் இங்கு தற்கொலை குறைந்ததையும், சண்டை ஓய்ந்த காலங்களில் அது மீண்டும் கூடியதையும் பதிவுசெய்திருக்கிறார். ஆபத்தின் நடுவே மனிதர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். பங்கருக்குள் ஓடுவது, பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பது, அரிசி தேடுவது என்று நாளுக்கு வேலை இருக்கிறது. ஆபத்து நீங்கிய பிறகுதான் இழந்ததைக் கணக்கெடுக்க மனதுக்கு நேரம் கிடைக்கிறது. சோதனை முடிந்துவிட்டது என்று ஊரே மூச்சுவிடும் நேரத்தில்தான் சிலருக்கு அது தொடங்குகிறது. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயக் காணிகள் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டபோதும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் திரும்பக் கிடைத்தது. திரும்பிய அன்று பால் காய்ச்சிப் பொங்கியவர்களுக்கு, வீடு நின்ற இடத்தில் பற்றையும் கிணறு இருந்த இடத்தில் இடிபாடும்தான் மிஞ்சியிருந்தன. மகிழ்ச்சி உண்மையானது. அதற்குப் பிறகு வந்த சோர்வும் உண்மையானது. விழாவுக்கு வந்த அதிகாரிகளும் படப்பிடிப்பாளர்களும் சோர்வின் நாட்களில் அங்கு இருந்திருக்க வாய்ப்பில்லை.

ஏற்ற இறக்கம் நோயல்ல என்று சொல்வதற்கு ஆராய்ச்சியின் துணையும் உண்டு. நெதர்லாந்தில் பணியாற்றிய ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த விளக்கம் இன்று உலகெங்கும் துக்கம் பற்றிய கல்வியில் இடம்பெறுகிறது. இழந்தவர் சில நேரம் இழப்பை நோக்கித் திரும்புகிறார், சில நேரம் வாழ்வை நோக்கித் திரும்புகிறார். இந்தப் போக்குவரத்தே தாங்கிக்கொள்ளும் வழி என்பது அவர்கள் சொன்னதன் சாரம். இழப்பின் பக்கமே நின்றுவிடுவதும் ஆபத்து, அந்தப் பக்கம் பார்க்கவே மறுப்பதும் ஆபத்து. முறிந்து பொருந்திய எலும்பு மாரிக்கு நோவதுபோலத்தான் இது. நோகிறது என்பதற்காக எலும்பு பொருந்தவில்லை என்று எவரும் சொல்வதில்லை. மகளின் சாமத்தியச் சடங்கில் ஓடியாடி வேலைசெய்த தாய் அன்றிரவே செத்துப்போன மகனை நினைத்து விம்மினால், அவர் இரண்டு பக்கமும் போய்வரக்கூடிய நிலையில் இருக்கிறார். பதறவேண்டியது, வாரக்கணக்கில் நித்திரையும் சாப்பாடும் இல்லாமல், பிள்ளைகளையும் பார்க்காமல், சாவைப் பற்றியே ஒருவர் கதைக்கும்போது. அது மருத்துவரிடம் உடனே போகவேண்டிய நிலை. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

நம் முன்னோருக்கு இந்தப் போக்குவரத்து நன்றாகவே தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்து மரணச் சடங்குகளை ஒரு காலஅட்டவணையாகப் பாருங்கள். எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, அன்று வருபவர்களின் கையில் கொடுக்கப்படும் கல்வெட்டுப் புத்தகம், ஆட்டைத் திவசம். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் திதி, தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. கத்தோலிக்கருக்கு நவம்பர் 2ஆம் திகதி கல்லறைத் திருநாள். இவற்றில் எதுவும் "இன்றோடு முடிந்தது" என்று சொல்லவில்லை. அழுவதற்கு ஒரு நாள் குறிக்கிறது, அந்த நாளில் ஊரைக் கூட்டுகிறது, சமைத்துப் பரிமாற வைக்கிறது, பிறகு வேலைக்குப் போகச் சொல்கிறது. ஆடி அமாவாசையில் கீரிமலைக்குப் போகிறவரை எவரும் பழையதையே நினைத்துக்கொண்டிருப்பவர் என்று சொல்வதில்லை. மனம் இறங்கும் நாள் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அன்று பக்கத்தில் நிற்க வேண்டியவர் யார் என்பதும் தெரிந்திருக்கிறது. உளவளத்துணை என்று இன்று நாம் சொல்வதில் பாதி இந்த ஏற்பாட்டுக்குள் இருந்தது. அந்தியேட்டிக்குச் செலவழிப்பது வீண் என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

போர் இந்த அட்டவணையைத்தான் உடைத்தது. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு அந்தியேட்டி எந்த நாளில் செய்வது? திதி எது? பொட்டு வைப்பதா, அழிப்பதா? தாலியைக் கழற்றினால் கணவரைத் தானே கொன்றதுபோல ஆகிறது. கழற்றாவிட்டால் ஊர் பார்க்கிற பார்வை வேறு. நல்ல காரியங்களில் முன்னுக்கு நிற்கலாமா என்ற கேள்விக்கு மாமியாரும் தாயும் வேறுவேறு பதில் சொல்கிறார்கள். போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், முடிவு தெரியாத இழப்பு மற்ற இழப்புகளிலிருந்து வேறுபட்டது என்று பல ஆண்டுகளாக வாதிட்டிருக்கிறார். அதில் துக்கம் தொடங்கவே அனுமதி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நீடித்த துக்கம் அதில் ஒரு நோயாக இடம்பெற்றிருக்கிறது. மரணத்துக்குப் பிறகு ஆறு மாதமாவது கடந்திருக்க வேண்டும், அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறியதாக இருக்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். போரின் இறுதியில் வட்டுவாகலில் மகனைப் படையினரிடம் கையளித்துவிட்டு வந்த தாய்க்கு இந்த ஆறு மாதம் எந்த மாதத்தில் தொடங்கியது? அவருக்கு ஒவ்வொரு செய்தியும் ஓர் ஏற்றம். சிறையில் கண்டதாக ஒருவர் சொல்வார், ஆணைக்குழு கூப்பிடும், கடிதம் வரும். ஒவ்வொன்றின் பின்னும் ஓர் இறக்கம். 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் காணாமல் போனோர் அலுவலகம் வந்தது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழும் வந்தது. 2022இல் ஒருமுறைக் கொடுப்பனவாக ஒரு லட்சம் ரூபா வழங்க அமைச்சரவை தீர்மானித்தபோது பல தாய்மார் அதை மறுத்தார்கள். அந்த மறுப்பைப் பிடிவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்ற எண்ணத்துக்குத் தாய்மார் சொன்ன பதிலாகவே நான் அதைப் பார்க்கிறேன். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய அவர்களின் தொடர் போராட்டத்தில் இருந்த பலர் விடை காணாமலே இறந்துவிட்டார்கள்.

இறந்தது உறுதியானவர்களுக்கும் நாள் முழுமையாகக் கிடைக்கவில்லை. முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18இலும் மாவீரர் நாளான நவம்பர் 27இலும் கூடுவதற்கு எதிராகப் பல ஆண்டுகள் பொலிசார் நீதிமன்றங்களில் தடை கேட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவில் இடிக்கப்பட்டது. மாணவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு திரும்பவும் கட்டப்பட்டது. இதை அரசியல் செய்தியாக மட்டுமே நாம் வாசித்தோம். ஆனால் ஒரு வருடத்தில் ஒரு நாளாவது பலரோடு சேர்ந்து அழக் கிடைத்தவருக்கும், அந்த நாளையும் வீட்டுக்குள் தனியே கழித்தவருக்கும் மனநிலையில் வேறுபாடு இருக்கும். அனுமதி கிடைத்த இடங்களைப் பார்த்தால் இது விளங்கும். உடுத்துறையில் சுனாமியில் இறந்தவர்களின் நினைவாலயத்தில் ஆண்டுதோறும் டிசெம்பர் 26இல் குடும்பங்கள் கூடுகின்றன. 1987 ஒக்டோபர் 21இலும் மறுநாளும் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் கொல்லப்பட்ட மருத்துவர்களையும் தாதியரையும் ஊழியர்களையும் நோயாளரையும் அந்த வைத்தியசாலையே ஆண்டுதோறும் நினைவுகூருகிறது. அன்றும் கிளினிக் நடக்கிறது, நோயாளர் வருகிறார்கள். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கும் அந்த மாதம் அப்படியான மாதம்தான். அவர்களின் நாளில் தமிழர்கள் எத்தனை பேர் பக்கத்தில் போய் நிற்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படி நினைவின் நாளில் துணைநிற்பதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. ஆறிய புண்ணைக் கிளறாதே என்பது முதலாவது. அதில் ஓர் உண்மை இருக்கிறது. கதைக்க விரும்பாதவரைக் கதைக்க வைப்பது கெடுதல். அதிர்ச்சிக்குப் பிறகு ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்ல வைக்கும் முறை பிற்கால நோயைத் தடுக்கவில்லை என்பதை, கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. சிலருக்கு அது தீங்காகியும் இருந்தது. ஆனால் நான் கேட்பது கிளறுவதை அல்ல. நினைவு தானாக வரும் நாளில் பக்கத்தில் இருப்பதைத்தான். அன்று பேசாமல் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் போதும். இளையவர்கள் முன்னுக்குப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது வாதம். காரணம் தெரியாமல் தாய் இடையிடையே வாய்மூடிப் போவதைப் பார்த்து வளரும் பிள்ளை, அது தன் பிழை என்றே நினைக்கும். இன்று அம்மாவுக்குப் பெரியப்பாவின் நாள் என்று தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சுமை இல்லை. மூன்றாவது, நம் சனம் எதையும் தாங்கும் என்ற பெருமை. பெரும்பாலானோர் தாங்கினார்கள் என்பது உண்மை. மேலே சொன்ன யாழ்ப்பாண ஆய்வும் அதைத்தான் காட்டுகிறது. ஆனால் தாங்குகிறவர் என்று பெயர் எடுத்துவிட்டவரால் உதவி கேட்க முடிவதில்லை. இந்தப் புகழ்ச்சியால் வாய் அடைபட்டுப்போன ஆண்கள் மதுவுக்குள் ஒதுங்குவதை நாம் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கடைசி வாதம் நடைமுறை சார்ந்தது: உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், நாடும் 2022இன் பொருளாதார முறிவிலிருந்து மீளவில்லை, இதற்கெல்லாம் ஆளும் காசும் எங்கே? ஏற்ற இறக்கத்துக்குத் துணைநிற்க உளமருத்துவர் தேவையில்லை என்பதுதான் பதில். சிம்பாப்வேயில் மருத்துவர் டிக்சன் சிபண்டா, சுகாதார நிலைய வாசலில் ஒரு வாங்கு போட்டு, பயிற்சி பெற்ற ஊர்ப் பாட்டிகளை அதில் இருத்தினார். 573 பேரை வைத்து நடந்த சோதனை 2016இல் வெளியானது. வாங்கில் வந்து கதைத்தவர்களுக்கு மனச்சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் இயங்கிவருகிறது. ஆசிரியர்களுக்கும் ஊர்மட்டப் பணியாளர்களுக்கும் உளநலப் பயிற்சி கொடுக்கும் வேலை போர்க்காலத்திலேயே இங்கு நடந்தது. சைவருக்கு "ஓம் நமசிவாய", கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் செபம் என்று மூச்சை ஆற்றும் பயிற்சிகளை நம் உளமருத்துவர்கள் பயன்படுத்தினார்கள். காணாமல் போனோரின் 395 குடும்பங்களிடம் கேட்டறிந்து 2016இல் சர்வதேச செஞ்சிலுவைக் குழு வெளியிட்ட அறிக்கை, விடையும் வருமானமும் மன ஆறுதலும் சட்ட உதவியும் சேர்ந்தே வேண்டும் என்று சொன்னது. அந்தக் குடும்பங்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி, உள்ளூர்ப் பெண்களையே துணையாக நிறுத்தும் வேலையையும் செஞ்சிலுவைக் குழு செய்தது. குறை எங்கே என்றால், இவை பெரும்பாலும் திட்டங்களாக வந்து திட்டங்களாக முடிந்தன. சுனாமிக்குப் பிறகு கரையோரத்துக்கு ஓடிவந்த வெளிநாட்டு உளவளத்துணையாளர்கள் சில மாதங்களில் போய்விட்டார்கள். கொடையாளியின் கணக்கு நிதியாண்டோடு முடிகிறது. தாயின் துக்கம் அந்த ஆண்டுக்கணக்கில் வராது.

அரச இயந்திரத்துக்குள் ஆள் ஏற்கெனவே இருக்கிறார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள். அங்கே உளவளத்துணை உத்தியோகத்தர்கள், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். ஊரில் கிராம அலுவலர், குடும்பநல மாது. இவர்களிடம் புதிதாகக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தங்கள் பிரிவில் எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் கனமான நாள் என்பதைத் தெரிந்துவைத்திருந்து, அந்த வாரம் ஒருவர் வீட்டுக்குப் போய்வர வேண்டும். அந்த விவரம் குடும்பத்தின் விருப்பத்தோடு மட்டும் எடுக்கப்பட வேண்டும். பாதுகாப்புத் தரப்பின் கைக்குப் போகவே கூடாது. போகும் என்ற பயம் இருக்கும்வரை எவரும் கதவு திறக்கமாட்டார்கள். ஆகவே இதில் சுகாதாரத் துறையும் ஊர்ச் சங்கங்களும் கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும் முன்னுக்கு நிற்பதே நல்லது.

இதை உடனே தொடங்க வேண்டிய இடம் செம்மணி. அங்கே கொல்லப்பட்டவர்களின் உடல்கள் புதைக்கப்பட்டதாக 1998இல் நீதிமன்றத்தில் ஒரு படைவீரர் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2025இல் அதே பகுதியில், சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஓகஸ்ட் 5ஆம் திகதி, கண்டெடுத்த பொருட்கள் அடையாளம் காண்பதற்காக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. மண் ஊறிய உடுப்புகள், செருப்பு, வளையல், பிள்ளையொன்றின் நீலப் புத்தகப்பை. கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருந்தவர்கள் அவற்றின் முன்னால் குனிந்து பார்த்தார்கள். தன் பிள்ளையின் உடுப்பு அதில் இருந்தாலும் உடைவு, இல்லாவிட்டாலும் உடைவு. மரபணுப் பரிசோதனை முழுமையாக நடந்தால் சிலருக்கு விடை வரும், பலருக்கு வராது. இரண்டு வகைக் குடும்பங்களுக்கும் முடிவு அறிவிக்கப்படும் அன்றும், அதற்குப் பிறகு குறைந்தது ஒரு வருடமும், பெயர் தெரிந்த ஒருவர் துணையாக இருக்க வேண்டும். நீதிமன்றமும் காணாமல் போனோர் அலுவலகமும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் முதலாவது பரிசோதனை முடிவு வெளிவருவதற்கு முன்பே அந்தப் பெயர்களைத் தீர்மானித்துவிட வேண்டும்.